க. செய்த குற்றம் என்ன?

ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’யைப் படித்தவர்கள் இருவர் சந்தித்துப் பேசினால், பேச்சு சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: யோசெஃப் க. அப்படி என்னதான் செய்தான்? வங்கியில் உயர்ந்த பொறுப்பில் இருக்கும் அவன், தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில், குடியிருக்கும் வாடகை அறையிலேயே கைதாகிறான். குற்றம் இன்னதென்று யாரும் சொல்வதில்லை. கைதான பிறகும் வேலைக்குப் போய்வரத் தடையில்லை. முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில் இரண்டு பேர் வந்து அவனை ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரிக்கு நடத்திச் சென்று கத்தியால் குத்திக் கொல்கிறார்கள். இதையெல்லாம் படித்த பிறகும், கொன்றவர்களுக்கு அந்த உரிமையை யார் தந்தது என்று கேட்காமல், கொல்லப்பட்டவன் என்ன செய்திருப்பான் என்று நம்மில் பலர் பக்கங்களைத் திருப்பித் தேடுகிறோம். அப்படித் தேடுவது நியாயமா?

தேடுபவர்களை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. க. நல்லவன் அல்ல. பக்கத்து அறையில் குடியிருக்கும் ப்யூர்ஸ்ட்னரிடம் வருத்தம் தெரிவிக்கப் போனவன், அவள் களைத்துப்போய் நிற்கும்போது அவள் விருப்பத்தைக் கேளாமலே அவளைப் பிடித்து முத்தமிடுகிறான். வழக்குக்கு உதவுவார்களா என்ற கணக்கோடு பெண்களை நெருங்குகிறான். தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடம் அவன் பேச்சில் ஏளனம் இருக்கிறது. 1962இல் இந்த நாவலைப் படமாக்கிய ஓர்சன் வெல்ஸ், க. குற்றவாளியே என்று வெளிப்படையாகச் சொன்னார். எழுத்தாளர் எலியாஸ் கனெட்டி வேறொரு வழியில் போனார். 1914 ஜூலையில் பெர்லின் ஹோட்டல் ஒன்றில் ஃபெலிஸ் பவுவருடன் காஃப்காவின் நிச்சயதார்த்தம் முறிந்தது. அந்தச் சந்திப்பை ஒரு நீதிமன்றமாகவே காஃப்கா தன் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த மாதமே நாவலைத் தொடங்கினார். அந்தக் குற்ற உணர்விலிருந்துதான் இந்த வழக்கு முளைத்தது என்பது கனெட்டியின் வாதம். இதற்கெல்லாம் மேலே, 1915இல் எழுதிய ஒரு குறிப்பில் காஃப்காவே க.வைக் குற்றமுள்ளவன் என்கிறார். தன் முந்தைய நாவலின் நாயகன் ரோஸ்மானைக் குற்றமற்றவன் என்று அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இருவருமே கடைசியில் வேறுபாடின்றிக் கொல்லப்படுகிறார்கள் என்கிறார்.

படைத்தவனே சொன்ன பிறகு என்ன பேச்சு என்று தோன்றலாம். ஆனால் அந்தக் குறிப்பு க.வைவிட நீதிமன்றத்தின் மேல்தான் பெரிய குற்றத்தைச் சுமத்துகிறது. குற்றமுள்ளவனையும் இல்லாதவனையும் வேறு பிரித்துப் பார்க்காத இடத்துக்கு நீதிமன்றம் என்ற பெயர் தகாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பழைய பயிற்சி உண்டு. சிலப்பதிகாரத்தின் கோவலன் குறையற்றவன் அல்ல. கண்ணகியை விட்டு மாதவியிடம் போனான், பரம்பரைச் செல்வத்தை அழித்தான். ஆனாலும் பொற்கொல்லன் வார்த்தையை நம்பி, ஒரு கேள்வியும் கேட்காமல் பாண்டியன் இட்ட கொலை ஆணையை, ‘மனைவிக்குத் துரோகம் செய்தவன்தானே’ என்று சொல்லி நியாயப்படுத்துபவர் இங்கே யாருமில்லை. காப்பியமே ஒரு முன்வினைக் கதையைச் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துச் சாகச் செய்தானாம். அநியாயச் சாவுக்கு ஏதாவது ஒரு காரணத்தைச் செத்தவனிடம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஆனால் பாண்டியன் அந்தக் காரணத்துக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. தவறு தன்னுடையது என்று ஏற்று, அந்த இடத்திலேயே உயிரை விட்டான். காஃப்காவின் நீதிமன்றத்தில் அப்படி ஏற்பதற்கு ஆள் கிடையாது. மேலே மேலே என்று படி ஏறிப்போகும் அதிகாரிகளில் கடைசி நீதிபதியை யாருமே பார்த்ததில்லை.

‘ஏதோ செய்திருப்பான், இல்லாவிட்டால் ஏன் பிடிக்கிறார்கள்’ என்ற வார்த்தை இப்படிப்பட்ட அதிகாரத்துக்குப் பெரிய துணை. சாட்ட வேண்டியவர்கள் சாட்டாத குற்றத்தை அவர்களுக்காக நாமே தேடித் தருகிறோம். க. குற்றவாளி என்று கருதிய வெல்ஸ்கூட நாவலின் முடிவை அப்படியே எடுக்கவில்லை. யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட பிறகு, கழுத்தைக் கொடுத்துவிட்டுச் சாகும் க.வைத் தன்னால் காட்ட முடியாது என்று அதை மாற்றினார். காஃப்காவின் தங்கைகள் எல்லி, வல்லி, ஓட்லா மூவரும் அந்தப் படுகொலையில்தான் மாண்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க எந்த வாசகருக்கும் நா எழாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வகை வாசிப்பு இருக்கிறது. அதற்கு க. வெறும் பலியாள், குற்றமெல்லாம் அமைப்புக்கே, அலுவலகம் என்றாலே கொடுமை. இதுவும் போதாது. காஃப்கா சட்டம் படித்தவர். 1908 முதல் 1922 வரை ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரங்களில் தொழிலாளர்களின் விரல்கள் எப்படித் துண்டாகின்றன, உருளை வடிவத் தண்டு பொருத்தினால் அதை எப்படித் தடுக்கலாம் என்று படங்களோடு அறிக்கை எழுதியவர். கோப்புகளால் ஒருவருடைய கையைக் காப்பாற்ற முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

அதனால்தான் நாவலில் கசையடி அத்தியாயம் அத்தனை கனமாக இருக்கிறது. ஒருநாள் மாலை, தன் வங்கியிலேயே தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையின் கதவை க. திறக்கிறான். அவனைக் கைதுசெய்த காவலர்கள் ஃபிரான்ஸும் வில்லெமும் உள்ளே அடிபடக் காத்து நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி விசாரணையில் க. புகார் சொன்னதற்கான தண்டனை அது. இவர்கள்மேல் குற்றமில்லை, அமைப்பும் மேலதிகாரிகளுமே குற்றவாளிகள் என்று க. சொல்கிறான். சரியான பேச்சு. பணம் கொடுத்துப் பார்க்கிறான், அடிப்பவன் மறுக்கிறான். அடிக்க வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அதனால் அடிக்கிறேன் என்பதே அவன் கணக்கு. முதல் அடியில் ஃபிரான்ஸ் அலறியதும், சத்தம் வெளியே கேட்டுவிடுமே என்று அவனைத் தள்ளிவிட்டு க. கதவைச் சாத்துகிறான். ஓடிவந்த சிப்பந்திகளிடம், முற்றத்தில் நாய் ஊளையிட்டது என்கிறான். மறுநாள் திறந்தால் அதே காட்சி. மறுபடி சாத்துகிறான்.

அமைப்பே குற்றவாளி என்ற உண்மை அவன் வாயில் இருந்தது. கதவைத் திறந்து வைக்க அது உதவவில்லை, சாத்திவிட்டுப் போகத்தான் உதவியது. காவலர்களும் அடிப்பவனும் செய்ததையே க.வும் செய்தான்: தன் பங்கை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டான். அமைப்பைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடும் வாசகர்களும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஆக, க.விடம் குற்றம் உண்டு. அது மனிதர்களிடம் செய்த குற்றம். அதைச் சாட்டும் உரிமை ப்யூர்ஸ்ட்னருக்கும் ஃபிரான்ஸுக்கும் வில்லெமுக்கும் உண்டு. எதைச் செய்தாய் என்று சொல்லாமல், பதில் பேச இடம் தராமல், இருட்டில் கத்தி வைக்கிறவர்களுக்கு அதில் ஒரு துளி உரிமையும் கிடையாது. தண்டிக்கப்பட்டவன் கெட்டவன் என்பதால் தண்டனை நியாயமாகிவிடாது.

ஏ.வி. தனுஷ்கோடியின் மொழிபெயர்ப்பில் இந்த நாவல் தமிழிலேயே கிடைக்கிறது. வாசிப்பவர்கள் க.வைத் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம். அந்தக் கோபத்தை நீதிமன்றத்தின் கணக்கில் வரவு வைத்துவிட வேண்டாம். அவனால் துன்பப்பட்டவர்களில் ஒருவரைக்கூட அந்த நீதிமன்றம் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை.