எழுவகைப் பிறப்பும் ஆசிரியர் கடனும்

சைவபாடசாலை ஆசிரியர்களே!

உயிர்கள் எடுக்கும் பிறப்பு தோற்றம்பற்றி நால்வகைப்படும். அவை முட்டையிற் பிறக்கும் அண்டசம், வேர்வையிற் பிறக்கும் சுவேதசம், வித்து வேர் முதலியவற்றிற் பிறக்கும் உற்பிச்சம், கருப்பையிற் பிறக்கும் சராயுசம் என்பன. அவ்வுயிர்களே தேவர், மனிதர், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம் என எழுவகைப்பட்டு, 84 நூறாயிரம் யோனிபேதமாய் விரியும். இதனை நீங்கள் சமயபாடத்திலே கற்பிக்கின்றீர்கள். அடுத்த பாடவேளையில் விஞ்ஞானம் பிறிதொரு பகுப்பைக் கூறுகின்றது. இவற்றுள் எது மெய்யென்று ஒரு பிள்ளை வினாவுமாயின், யாது விடை கூறுவீர்கள்?

வகுத்தலென்பது ஒரு நோக்கம்பற்றி நிகழ்வது. தொல்காப்பிய மரபியல் அறிவின் ஏற்றம்பற்றி உயிர்களை ஆறாக வகுத்தது. புல்லும் மரமும் ஊற்றுணர்வாகிய ஓரறிவின. சிதலும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. மக்கள் மனத்தோடு கூடிய ஆறறிவினர். சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்பவர் 1735 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே உறுப்பமைதி முதலியனபற்றி வகுத்தார். திமிங்கிலத்தை முன்னர் மீன்களோடு வைத்த அவர், 1758 ஆம் ஆண்டுப் பதிப்பிலே பாலூட்டிகளோடு சேர்த்தார். 1859 ஆம் ஆண்டில் டார்வினுடைய நூல் வெளிவந்தபின் வமிசத்தொடர்பு பகுப்புக்கு அடிப்படையாயிற்று. புதிது காணுந்தோறும் தன் பகுப்பைத் திருத்திக்கொள்ளுதல் விஞ்ஞானத்துக்கு இழிவன்று. அதுவே அதன் ஒழுக்கம்.

சுவேதசத்தைப்பற்றி ஐயம் எழலாம். இத்தாலி தேசத்து ரெடி என்பவர், ஈ மொய்க்காது மூடப்பட்ட இறைச்சியிலே புழுத் தோன்றாமையை 1668 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே காட்டினார். பேன் ஈரினின்றும் பிறத்தலைத் தாய்மாரும் அறிவர். ஆதலாற் கண்டதனை மறுத்துச் சமயத்தைக் காக்கப் புகுதல் வேண்டா. சமயநூல் இப்பகுப்பினால் உணர்த்தப் புகுந்தது உடம்பு வேறு, உயிர் வேறு என்பதும், புல்லிலும் புழுவிலும் உறைவது நம்முள் உறைவது போன்ற உயிரே என்பதுமாம். மாணிக்கவாசக சுவாமிகள் சிவபுராணத்திலே புல் முதலாகத் தேவர் ஈறாகத் தாம் எடுத்த பிறப்புக்களை எண்ணி இளைத்தமையை நினைமின்கள். அக்கருத்தினின்றும் பிறப்பது சீவகாருணியம்.

இனி இப்பகுப்பினால் நாம் முக்கியமாகக் கொள்ளற்பாலது ஒன்றுண்டு. மனிதர் யாவரும் சராயுசத்துள் அடங்குவர். எழுவகையுள்ளும் மனிதப்பிறப்பு ஒன்றே. இக்கால விஞ்ஞானமும் உலகத்து மக்கள் அனைவரையும் ஓரினமாகவே கொள்ளுகின்றது. அற்றேல், மனிதப்பிறப்பினுள் ஒன்பது நூறாயிரம் பேதம் கூறப்பட்டதேயெனின், அது ஒரு பிறப்பின் உள்விரிவேயன்றி வேறு பிறப்பன்று. ஒரு பிள்ளையை வாங்கிலும் மற்றொரு பிள்ளையை நிலத்திலும் இருத்துக என்னும் விதி அதனுட் கூறப்பட்டிலது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் அவ்வாறு இருத்திய காலமும் இருந்தது. 1920 ஆம் ஆண்டுகளிலே சமவாசனம், சமபோசனம் வேண்டுமென்னும் கிளர்ச்சியும் எழுந்தது. வாங்குபேதம் ஒழியினும், பெயர் கேட்கும்பொழுதும் ஊர் கேட்கும்பொழுதும் மனத்தினுள்ளே வகுத்துக்கொள்ளும் வழக்கம் எளிதில் ஒழிவதன்று. எறும்புக்கும் இரங்குக என்று ஓதிவிட்டு, முன்னிருக்கும் பிள்ளையைத் தாழ்த்தி நோக்குவோமாயின், நாம் ஓதியதனைப் பிள்ளைகள் எங்ஙனம் நம்புவர்?

தொல்காப்பியர் மக்களை ஆறறிவினராகவும், மாக்களை விலங்கோடு ஒப்ப ஐயறிவினராகவும் வைத்தார். உருவத்தினால் ஒத்தாரை அவர் பிரித்தது மனவறிவொன்றினாலேயாம். அவ்வறிவை வளர்த்தலே உங்கள் தொழில். எவ்வுயிருக்கும் உயிராய் நிற்கும் சிவபெருமான் திருமுன்னே, உங்கள் வகுப்பிலுள்ள பிள்ளைகள் யாவரும் ஒரு பிறப்பினரென்பதைப் பாடத்தினாலன்றி நடையினாலும் உணர்த்தக்கடவீர்கள்.