குறைய உண்டால் பலம் குறையுமா?

ரமலான் வந்தால் காரைக்காலில் நாம் பகலெல்லாம் பசித்திருக்கிறோம். மாலையில் நோன்புக் கஞ்சியோடு வடை, சமோசா, இரவில் பிரியாணி, ஸஹரில் மறுபடியும் வயிறு நிறையச் சோறு! 30 நாள் நோன்பிருந்தும் உடல் பெருத்தவர்கள் நம்மில் உண்டு. "சாப்பிடாவிட்டால் தெம்பு ஏது?" என்று சமாதானமும் சொல்லிக் கொள்கிறோம்.

சோற்றின் அளவில்தானா பலம் இருக்கிறது? நபி தாவூத் (அலை) அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு நோற்றார்கள். ஆயினும் போர்க்களத்தில் எதிரியைக் கண்டு புறங்காட்டியதில்லை என்று புகாரி ஷரீபில் காண்கிறோம். அவர்கள் இரும்புக் கவசம் செய்தவர்கள். தம் கையால் உழைத்தே உண்டவர்கள். குறைவான உணவும் நிறைவான உழைப்பும் அவர்களிடம் சேர்ந்திருந்தன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த நோன்பை எடுத்துரைத்தது யாரிடம்? நாள்தோறும் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம்! உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று கூறி, அவரைத் தடுத்தார்கள். ஆகவே உடலை வதைக்கும் பட்டினியும் மார்க்கமன்று.

மருத்துவமும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. வெறுமனே உணவைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசைக்கு வேலை கொடுத்து, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றை அளவோடு உண்டால் எடை குறையும், வலிமை நிற்கும்.

எனவே எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்போம். நம் கடல் தரும் மீனை விட வேண்டாம். உடலுழைப்புக்கு நாணவும் வேண்டாம். தராவீஹில் தளராமல் நிற்கவும், பிறர் சுமையைத் தாங்கவும் வல்ல உடலை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.