விட்டுவிட்ட விரால்

மேலூர்ப் பக்கம் என் அம்மாவின் ஊர். மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அந்த ஊர்க் கண்மாயில் ஒரு விரால் பிடித்தேன். கையில் மெல்லிய ராடு, அதைவிட மெல்லிய நரம்பு, முனையில் ஒரு ரப்பர் தவளை. அல்லிக்கொடிக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வந்து வந்து போகும். பந்துக்குக் கீழே பெரியது நிற்கும் என்பது விரால் பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். தவளையை அந்தச் சிவப்பின் மேலேயே எறிந்தேன். மூன்றாவது எறியில் தண்ணீர் வெடித்தது.

ஆறேழு நிமிடம் அது இழுத்தது, நான் விட்டேன். நான் இழுத்தேன், அது கொடிக்குள் ஓடியது. நரம்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் முழு சுகமும் இருந்தது. கரைக்கு வந்தபோது மீன் துவண்டிருந்தது. முள்ளை எடுத்து, ஒரு போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டேன். மெதுவாக வாலை அசைத்துக்கொண்டு போனது. ‘வலை போட்டு அள்ளுகிற ஆள் நானில்லை. மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பிடித்தேன், பிடித்ததையும் விட்டுவிட்டேன்’ என்று மனசு நிறைந்திருந்தது.

அரைமணி நேரம் கழித்து அதே இடத்தைப் பார்த்தேன். சிவப்புப் பந்து உடைந்து சிதறியிருந்தது. ஜிலேபி மீன்கள் அங்கிட்டும் இங்கிட்டும் பாய்ந்துகொண்டிருந்தன. நான் கரையில் இருந்தவரை பெரியது திரும்பி வரவில்லை.

மாமாவிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்கடா மீனு?”

“விட்டுட்டேன் மாமா.”

“திங்கிறதுக்கில்லன்னா எதுக்குடா மாப்ள புடிச்ச?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே சொன்னார்: “அது பசிக்கு வந்து கவ்வல. பிள்ளையக் காக்க வந்துருக்கு.”

இந்த இரண்டு வாக்கியங்களும் மூன்று வருடமாக என்னோடு இருக்கின்றன. மீனை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் அறம் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அது யாருக்கான அறம்?

*

‘மீனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது’ என்ற எண்ணம் என் மூளையில் உதித்தது இல்லை. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1887இல் கண்மாய், குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்று. நம் ஊரில் மீன் பிடித்தவர்களுக்கு மீன் சோறு. துரைமார்களுக்கு அது ஆட்டம். ஆட்டம் என்றால் விதி வேண்டும், எதிராளிக்கும் ஜெயிக்க ஒரு வழி வேண்டும். கருவி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கு ஆட்டம் உசத்தி.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதே வாதம் இன்றும் நடக்கிறது. அங்கே ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ என்று உடம்பில் கருங்கோடுகள் ஓடும் ஒரு மீன். அதைப் பிடிக்கக் காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். ஒரு வகைப் படகோட்டிகள் கனத்த கம்புகளில் தூண்டில்களைக் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே ஓட்டுவார்கள். மீனைத் தேடுவதும் கவர்வதும் படகின் வேலை. வந்தவர் சுற்றி எடுத்தால் போதும். இன்னொரு வகையினர் படகை நிறுத்தி, மெல்லிய ராடைக் கையில் கொடுத்து, ‘நீங்களே எறியுங்கள், நீங்களே மல்லுக்கட்டுங்கள்’ என்பார்கள். முதலாவதை மெஷின் வேலை என்று இவர்கள் சொல்வார்கள். காசு கொடுத்து வந்தவன் மீனோடு வீட்டுக்குப் போக வேண்டாமா என்று அவர்கள் கேட்பார்கள்.

நான் அன்றைக்கு இரண்டாவது கட்சி. மெல்லிய கருவிதான் நேர்மை என்று நம்பினேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்த நேர்மையில் ஓட்டை தெரிகிறது. ஆட்டம் என்றால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு இறங்க வேண்டும். மீன் எப்போது ஒப்புக்கொண்டது? ஜல்லிக்கட்டிலும் மாடு ஒப்புக்கொள்வதில்லைதான். ஆனால் அங்கே இறங்குகிறவனின் குடல் சரியலாம். விரால் ஜெயித்தால் எனக்கு என்ன போகும்? முந்நூறு ரூபாய் ரப்பர் தவளை.

வள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியைச் சொல்ல வரும்போது, இரை என்று நம்பி மீன் விழுங்கும் தூண்டில் இரும்பைத்தான் உவமையாக எடுக்கிறார். தூண்டில் என்பதே ஏமாற்று. நரம்பு மெலிந்தால் ஏமாற்று குறைவதில்லை.

*

மீனின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ‘மீனுக்கு வலிக்காது’ என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் ட்ரவுட் மீன்களின் தலையிலும் வாயைச் சுற்றியும் காயத்தை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ விஷமோ அசிட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் உண்பதை நிறுத்தின. அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைத் தரையில் தேய்த்தன. அந்த உணர்வு நம் வலியைப் போன்றதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போக இனி முடியாது.

அப்படியானால் மெல்லிய கருவியின் கதை தலைகீழாகிறது. கனத்த நரம்பு மீனை ஒரு நிமிடத்தில் கரைக்குக் கொண்டுவரும். மெல்லிய நரம்பு அதே மீனை அதன் கடைசி மூச்சுவரை ஓடவிடும். நான் ‘வாய்ப்பு’ என்று சொன்னதற்கு மீனின் மொழியில் பெயர் நீண்ட நேரம். வெயில் காலத்தில், தண்ணீர் சூடாகிப் பிராணவாயு குறைந்திருக்கும்போது, அப்படிக் களைத்த மீன் விட்ட பிறகும் சாகலாம். அமெரிக்காவில் அந்தக் கோடுபோட்ட மீனில், தூண்டிலிலிருந்து விடப்படுபவற்றில் நூற்றுக்கு 9 செத்துப்போகும் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். விடுகிறவர்கள் பெருகியதால் 2017இல் விட்ட பிறகு செத்தவை, வீட்டுக்குக் கொண்டுபோனவற்றைவிட அதிகம். ஒவ்வொருவரும் நல்லவராக வீடு திரும்பியிருப்பார்.

சுவிட்சர்லாந்தில் 2008 முதல், விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. பிடிப்பதானால் உணவுக்குப் பிடி. என் மாமா அந்தச் சட்டத்தைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதே கேள்வி.

*

சரி, அப்போது வலைக்காரர்தான் அறவான் என்று முடித்துவிடலாமா? வேகமாகப் பிடி, வேகமாகக் கொல், சாப்பிடு. மீனுக்கு வேதனை குறைவு, மனிதனுக்குச் சோறு.

அங்கேயும் மனசு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பல கண்மாய்களின் மீன்பாசி குத்தகைக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் குஞ்சு விடுவார், வளர்ப்பார், பெரிய வலையால் அரித்து லாரியில் ஏற்றுவார். அவர் போட்ட காசை அவர் எடுக்கிறார், அதில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த வலை திறமையானது, அதனாலேயே மிச்சம் வைக்காதது. கரையில் தக்கையோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கும், மூங்கில் கூடையோடு வரும் கிழவிக்கும் அதில் இடம் இல்லை.

இதற்கு நேர் எதிராக இருக்கிறது மீன்பிடித் திருவிழா. மதுரை, சிவகங்கைப் பக்கம் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும் மாதங்களில் ஊருக்கு ஊர் நடக்கும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் கரையில் நிற்கும் அத்தனை பேரும் இறங்குவார்கள். கையில் ஊத்தா, கச்சா, அரிவலை, ஒன்றும் இல்லாதவர்களிடம் வீட்டுக் கொசுவலை. ஊத்தாவைப் பார்த்தால் சிரிப்பு வரும். அடி அகன்று மேலே குறுகிய ஒரு கூடை. சேற்றில் குத்தி, உள்ளே ஏதாவது மோதுகிறதா என்று பார்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். பத்துக் குத்துக்கு ஒன்பது வெறும் சேறு. அந்த மீனை விற்கக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம்.

ஊத்தா மீனுக்கு இரக்கம் காட்டுகிற கருவி கிடையாது. சேற்றில் மிதிபட்டுச் சாகிற மீனைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் மந்தத்தனம் இன்னொரு வேலை செய்கிறது. ஒருத்தனே எல்லாவற்றையும் எடுக்க முடியாது. எட்டு வயசுப் பிள்ளைக்கும் ஒரு கெளுத்தி மிஞ்சும். அதோடு, துண்டு வீசுகிறவரை யாரும் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. விரால் பெரும்பாலும் குஞ்சு பொரிப்பது மழைக்காலத்தில். திருவிழா வருவது கோடையில், வற்றுகிற தண்ணீரில் மீன்கள் எப்படியும் சாகப்போகிற நேரத்தில். நான் ராடும் கையுமாகத் தனியாகப் போய் உடைத்தது இந்தக் காலக் கணக்கைத்தான்.

அமெரிக்கக் கதையிலும் இது உண்டு. 1980களில் அந்த மீன் அருகிப்போனபோது, மேரிலாந்து மாகாணம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே நிறுத்தியது. மீன் திரும்பி வந்தது. இழுத்துப் பிடிப்பதா, எறிந்து பிடிப்பதா என்ற சண்டை அந்த ஐந்து வருடமும் சும்மா கிடந்தது.

*

ஆட்டக்காரர்களை ஒரேயடியாகத் தள்ளவும் என்னால் முடியவில்லை. காவிரியில், கர்நாடகப் பக்கம், திமில் மஹ்சீர் என்ற பெரிய மீனைப் பிடித்து விடும் முகாம்கள் இருந்தன. பிடித்த மீன்களின் கணக்கை அங்கே எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையான அந்தக் கணக்கைப் பின்னால் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான், ஆற்றை வளப்படுத்தலாம் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியதும், ஊர்க்கார மீன் காணாமல் போய்க்கொண்டிருந்ததும் தெரிந்தது. 2018இல் அது மிகவும் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அந்த மீன் போய்க்கொண்டிருப்பதற்குச் சாட்சி சொன்னது அதன் வாயில் முள் குத்தியவர்களின் நோட்டுதான். அவர்கள் அந்த மீனை நேசித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்றைக்கு அந்த விராலை நானும் நேசித்தேன். நேசம் மட்டும் போதாது என்பதுதான் கஷ்டம்.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு நாரை இருக்கிறது. திருவிளையாடல் புராணத்தில் வருவது. மீன் தின்று வாழ்ந்த நாரை பொற்றாமரைக் குளத்துக்கு வந்து தவம் இருக்கிறது. பசிக்கிறது, குளத்தில் மீன் துள்ளுகிறது. இந்தப் புனிதமான இடத்தில் தின்னக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறது. இறைவன் வந்து வரம் கேள் என்றபோது தனக்கு முத்தி கேட்டது. கூடவே, இந்தக் குளத்தில் இனி மீனே இருக்கக் கூடாது, வருகிற பறவைகள் பாவம் செய்துவிடும் என்றும் கேட்டது. சின்ன வயதில் இதை விநோதமான வரம் என்று நினைத்தேன். இப்போது அந்த நாரை தன்னை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது என்று தோன்றுகிறது. இன்னும் மென்மையாகக் கொத்துகிற அலகை அது கேட்கவில்லை. எங்கே கொத்தவே கூடாது என்று ஓர் எல்லையைக் கேட்டது.

நான் மீன் தின்பதை நிறுத்தவில்லை. அயிரைக் குழம்பு வைத்தால் மறுக்கிற தைரியமும் இல்லை. ராடு இன்னும் இருக்கிறது. ஆனால் நரம்பைக் கொஞ்சம் கனமாக மாற்றிவிட்டேன், இழுபறி சீக்கிரம் முடியட்டும் என்று. குழம்புக்கு வேண்டும் என்றால் மட்டும் எறிகிறேன். மழைக்காலத்தில் ராடைக் கையில் எடுப்பதில்லை.

போன கார்த்திகையில் வெறுங்கையோடு கண்மாய்ப் பக்கம் போனேன். மாமாவும் வந்தார். மடை ஓரத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்தோம். நிழல் விழுந்ததும் பந்து கீழே இறங்கியது, கொஞ்சம் கழித்து மேலே வந்தது.

“பெருசு கீழதான் நிக்கிது” என்றார் மாமா.

“தெரியுதா மாமா?”

“தெரியல. நிக்கும்.”