தூங்கும் பிள்ளைக்கும் கேட்கிறது

‘பிள்ளை மேல ஒரு நாளும் கை வெச்சதில்லீங்க’ என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு. அடி வாங்கிய அம்மாவும், ‘அப்ப அவன் தூங்கிட்டுத்தான் இருந்தான்’ என்பார். இருவரும் நம்பித்தான் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான 20 குழந்தைகளை, தூங்கும்போதே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தார்கள். பொருளில்லாத சொற்களை ஓர் ஆண்குரல் சாதாரணமாகவும் சந்தோஷமாகவும் கோபமாகவும் சொல்வதைக் காதில் ஒலிக்கவிட்டார்கள். பெற்றோர் அதிகம் சண்டையிடும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில், கோபக்குரல் கேட்டபோது உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் கையாளும் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன. குழந்தை கண் திறக்கவில்லை. அந்த வீடுகளில் கணக்கில் எடுக்கப்பட்டதும் வாய்ச்சண்டைதான்.

அப்படி விழித்த பகுதிகளில் ஒன்று ஹைப்போதலாமஸ். ஆபத்து என்று தெரிந்ததும் முதலில் அட்ரினலின் சுரக்கிறது. சில நொடிகளுக்குள் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அடுத்து ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்ப, அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். வந்த வேலை முடிந்ததும், ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்வதும் அதே கார்ட்டிசால்தான். எப்போதாவது வரும் ஆபத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆபத்து தினமும் சாயங்காலம் வீடு திரும்புமானால், வளரும் உடம்பு அதற்கேற்றபடி தன்னை அமைத்துக்கொள்கிறது.

அந்தப் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? தெருமுனையில் கேட்கும் பைக் சத்தத்திலேயே அப்பா குடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார்கள். கேட்டைத் தள்ளும் வேகம், செருப்பைக் கழற்றும் விதம், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும் ஓசை எல்லாமே அவர்களுக்குத் தகவல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக் நடத்திய சோதனைகளில், மங்கலாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் முகப் படங்களைக் காட்டினார்கள். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள் கோப முகத்தை மற்றவர்களைவிட முன்னதாகவே கண்டுகொண்டார்கள். லண்டனில் ஈமன் மெக்ரோரி குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 43 பிள்ளைகள். குடும்ப வன்முறையைக் கண்டு வளர்ந்தவர்களுக்குக் கோப முகம் காட்டியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவும் அதோடு சேர்ந்து இயங்கும் இன்சுலாவும் மிகையாக இயங்கின. போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் முன்பு காணப்பட்டதும் இதேதான். அந்தப் பிள்ளைகளுக்கு மனநோய் எதுவும் இருக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் இதைக் கோளாறு என்று சொல்லக் கூடாது. பிழைப்பதற்காக அந்த உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது.

வீடு மாறினாலும், அப்பா செத்தே போனாலும், கற்றது எளிதில் மறப்பதில்லை. முப்பது வயதில் மேலாளர் ‘கொஞ்சம் உள்ளே வாங்க’ என்றால் கை நடுங்குகிறது. புருஷன் பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்தால் மனைவிக்கு மூச்சு முட்டுகிறது. வேறு சிலருக்கு நேர்மாறு: எவ்வளவு பெரிய நெருக்கடியிலும் கார்ட்டிசால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. சிறுவயதில் கொடுமையைச் சந்தித்த பெரியவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரியில் தெரிந்தது இந்த மழுங்கிய எதிர்வினைதான். நாம் இவர்களை ‘அழுத்தக்காரன், எதையும் கண்டுக்க மாட்டான்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

பாதிப்பு மனதோடும் நிற்பதில்லை. சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில், சிறுவயதில் உங்கள் தாய் அடிக்கப்பட்டாரா என்பதும் ஒரு கேள்வி. இத்தகைய அனுபவங்கள் கூடக்கூட மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதய நோயும் அதிகமாகக் காணப்பட்டன. இது வாய்ப்பைப் பற்றிய கணக்கு. எந்த ஒரு பிள்ளையின் தலையெழுத்தும் அல்ல.

உடம்பு திரும்பக் கற்றுக்கொள்ளவும் செய்கிறது. புக்கரெஸ்டில் அநாதை இல்லங்களில் கவனிப்பாரின்றிக் கிடந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போனவர்களின் அழுத்த எதிர்வினை, சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுடையதைப் போலவே இருந்ததாக 2015இல் தெரியவந்தது. அங்கே நடந்தது அடி உதை அல்ல, புறக்கணிப்பு. ஆனாலும் நம்பி ஒண்ட ஓர் ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டுகிறது. அந்த ஆள் பாட்டியாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், வகுப்பு டீச்சராகவும் இருக்கலாம். வயது கடந்த பிறகும் முறையான மனநல சிகிச்சை பலருக்குக் கைகொடுக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். ‘நடந்ததுக்கு நீ காரணம் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடி நிற்பதுதான் முதல் மருந்து. அதற்கு உதவி கேட்கத் தயங்காதீர்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டு எண்களும் இரவிலும் இயங்குகின்றன.