போதும் என்று சொன்ன கை

பந்தியில் உட்கார்ந்திருப்பவர் இலையின் மேல் கையைக் கவித்து, “போதும், போதும்” என்கிறார். அந்த இடத்தில் போதும் என்று சொல்வது வயிறு. வாய் அதற்குத் தூது போகிறது, அவ்வளவுதான். கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர் எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துகிறார்? அவருக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பது யார்?

பணம் என்று உடனே பதில் வரும். காசு தீர்ந்தால் வாங்குவதும் தீரும் என்பது உண்மையே. ஆனால் காசு இருக்கிறவரும் ஓரிடத்தில் நிறுத்தத்தானே செய்கிறார்? அவரை நிறுத்துவது மனம் என்று சொல்ல நமக்கு ஆசையாக இருக்கும். மனிதனைப் பற்றி உயர்வாக நினைக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் பெரும்பாலான நாட்களில் அவரை நிறுத்துவது அவருடைய கை. கூடை கனத்து விரல் சிவந்ததும், ‘இன்றைக்கு இது போதும்’ என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. விரல் சொன்னதை மனம் சொன்னதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

இந்தச் சிறிய உண்மையை உற்றுக் கவனித்து, அதைக் கொண்டு பெரும் பணக்காரராகிவிட்ட ஒருவரின் கதை உண்டு. அதற்கு முந்திய கதையை முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் முன்பெல்லாம் மளிகைக் கடை என்றால் நடுவே நீளமாக ஒரு மேசை இருக்கும். இந்தப் பக்கம் வாங்குகிறவர்; அந்தப் பக்கம் கடைச் சிப்பந்தி. சர்க்கரை என்றால் அவன் சர்க்கரை நிறுத்துக் கொடுப்பான். மாவு என்றால் மாவு. 1916-ஆம் ஆண்டு டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் ஸாண்டர்ஸ் என்பவர், ‘பிக்லி விக்லி’ என்ற வேடிக்கையான பெயரில் ஒரு கடை திறந்தார். அங்கே அந்த மேசை இல்லை. வந்தவர்கள் ஒரு கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, அலமாரிகளுக்கு நடுவே நடந்து, வேண்டியதைத் தாமே எடுத்து, வெளியே போகும் வழியில் பணம் கொடுத்தார்கள். சிப்பந்தி செய்த வேலையை வாடிக்கைக்காரரே செய்தார். அதையும் மகிழ்ச்சியோடு செய்தார்.

கேட்டு வாங்குவதற்கும் பார்த்து எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கேட்கிறவருக்கு இன்னது வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கண் அவருக்காக யோசித்துக்கொள்ளும்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஓக்லஹோமா நகரத்தில் ஸில்வன் கோல்ட்மன் என்பவர் இத்தகைய கடைகள் பலவற்றை நடத்தி வந்தார். 1898-இல் பிறந்தவர். வாடிக்கைக்காரர்கள் கடைக்குள் எப்படி நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று பார்ப்பது அவருக்கு வழக்கம். கூடை நிறைந்தவுடனே, அல்லது கனத்தவுடனே, அவர்கள் பணம் கொடுக்கும் இடத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை அவர் கண்டார். பையிலே இன்னும் பணம் இருக்கிறது; அலமாரியிலே இன்னும் சாமான் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் குறுக்கே நிற்பது ஒரு தோள்வலி.

1936-இல் ஒரு நாள் இரவு தம் அலுவலகத்தில் இருந்தபோது மடக்கு நாற்காலி ஒன்று அவர் கண்ணில் பட்டது. உட்காரும் பலகை இருக்கிற இடத்தில் ஒரு கூடையை வைத்தால்? அதன் கீழே இன்னொரு கூடையை வைத்தால்? கால்களில் சக்கரத்தைப் பூட்டிவிட்டால்? கடையில் பழுது பார்க்கும் வேலையில் இருந்த ஃப்ரெட் யங் என்பவரைக் கூட்டிக்கொண்டு அதையே செய்து பார்த்தார். வேலை முடிந்ததும் கூடைகளைத் தனியே எடுத்து அடுக்கிவிடலாம். சட்டத்தை நாற்காலி போலவே மடக்கிச் சுவரில் சாத்திவிடலாம். 1937 ஜூன் மாதம் அந்தத் தள்ளுவண்டிகள் கடைக்குள் வந்தன. தெருவிலே வரும் தள்ளுவண்டியை விற்கிறவர் தள்ளுகிறார். இந்த வண்டியை வாங்குகிறவர் தள்ள வேண்டும். அதுதான் புதுமை.

அந்தப் புதுமையை ஒருவரும் தொடவில்லை! கோல்ட்மனே பிற்காலத்தில் சொன்ன கதை இது. இளைஞர்கள், ‘ஒரு கூடையைத் தூக்க எனக்கா பலம் இல்லை?’ என்று ஒதுங்கினார்கள். இளம் பெண்களுக்கு அது குழந்தை வண்டியை நினைவூட்டியது. கடையிலுமா அதைத் தள்ள வேண்டும் என்று முகம் சுளித்தார்கள். வயதானவர்களோ, தள்ளாமை வந்துவிட்டதாகப் பிறர் நினைப்பார்களே என்று கூசினார்கள். எல்லோருக்கும் கை வலித்தது. வலிக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் ஒருவருக்கும் துணிவு இல்லை.

இதில் நாம் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. உதவி கேட்பதைவிட உதவி ஏற்பது கடினம். கேட்கும்போது நம் தேவை நமக்கு மட்டும் தெரிகிறது. ஏற்கும்போது நாலு பேருக்குத் தெரிந்துவிடுகிறது. கைத்தடியை ஊன்ற வேண்டிய காலம் வந்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிற பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா?

கோல்ட்மன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வெவ்வேறு வயதுள்ள ஆண்களையும் பெண்களையும் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர்கள் வாசலுக்கு அருகிலேயே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு சாமான் வாங்குவதுபோல் நடித்தார்கள். உள்ளே நுழைகிறவர்களிடம், எல்லோரும் தள்ளுகிறார்களே, நீங்கள் மட்டும் ஏன் தயங்குகிறீர்கள் என்று கேட்க வாசலில் ஒரு பெண்ணையும் நிறுத்தினார். வெட்கம் போயிற்று, வண்டிகள் நகர்ந்தன. 1940-இல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

அது நாடகம், நாடகம் என்று சொல்லாமல் நடத்திய நாடகம். ஆகவே பொய்தான். அந்தப் பொய்யை நம்பியவர்கள் இழந்தது தங்கள் கூச்சத்தை மட்டுமே என்பதால் எனக்கு அதன்மேல் அதிகக் கோபம் வரவில்லை. ஆனால் மனிதன் தன் தேவையைத் தன் உடம்பைக் கேட்டு அறிவதைவிட, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அறிவதே அதிகம் என்பதை அந்தக் கடை வாசல் காட்டிக் கொடுத்துவிட்டது. வலித்த கைக்கு வண்டி வேண்டும் என்பதைக்கூட அவனுக்கு அடுத்தவர்தாம் சொல்ல வேண்டியிருந்தது. தேவையை அடுத்தவரைப் பார்த்து அறிகிறவன் ஆசையையும் அங்கிருந்துதான் கடன் வாங்குவான்.

1946-இல் மிஸ்ஸௌரி மாநிலத்துக் கான்ஸாஸ் நகரைச் சேர்ந்த ஆர்லா வாட்ஸன் என்பவர் இன்னொரு திருத்தம் செய்தார். வண்டியின் பின்பக்கத்தைக் கீல் வைத்த கதவாக்கினார். ஒரு வண்டியை இன்னொன்றின் பின்னால் தள்ளினால் கதவு மேலே எழும்பி, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். மடக்கவும் வேண்டாம், கூடையை எடுக்கவும் வேண்டாம். இன்று உலகம் முழுவதும் கடை வாசலில் நீண்ட வரிசையாக நிற்பவை அந்த வண்டிகளே. கோல்ட்மனுக்கும் வாட்ஸனுக்கும் இதைப் பற்றிச் சச்சரவு எழுந்து 1949-இல் சமரசம் ஆயிற்று. அது வக்கீல்களின் கதை, நமக்கு வேண்டாம்.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். “இதிலே வியப்பதற்கு என்ன இருக்கிறது ஐயா? ஜனங்களை அதிகம் வாங்க வைக்க வியாபாரி செய்த தந்திரம். கை வலித்தால் அவனுக்கென்ன, கல்லா நிறைந்தால் சரி!” என்றார்.

தந்திரம் என்பதை நான் மறுக்கவில்லை. வாடிக்கைக்காரரின் தோள்மேல் இரக்கப்பட்டுக் கோல்ட்மன் தூக்கம் கெட்டவர் அல்லர். ஆனால் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு கூடையுமாகத் திண்டாடிய தாயை நினைத்துப் பாருங்கள். பின்னாளில் வண்டியிலேயே குழந்தைக்கு ஓர் இருக்கையும் வந்தது. இரண்டு கையும் விடுதலை பெற்ற அந்தத் தாய், இதைச் செய்தவரின் உள்ளம் எப்படிப்பட்டது என்று விசாரித்துக்கொண்டா நிற்பாள்? வாரத்துக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போன கிழவி இனி ஒரு முறை வந்தால் போதும். தெரு விளக்கை ஏற்றினவர் கூலிக்கு ஏற்றினாலும் வழிப்போக்கனுக்கு வெளிச்சம் வெளிச்சம்தான். நோக்கத்துக்கு உரிய புண்ணியம் கோல்ட்மனுக்குக் கிடைக்காமல் போகட்டும், பயன் பயன்தான்.

இன்னும் ஒன்று. கை சொன்ன ‘போதும்’ நியாயமான சொல்லும் அன்று. அது கிழவியைத் தேவைக்கு முன்பே நிறுத்தியது. பயில்வானைத் தேவைக்குப் பின்பும் நிறுத்தவில்லை. பலமுள்ளவனுக்கு ஓர் அளவு, பலமில்லாதவனுக்கு வேறோர் அளவு. அப்படிப்பட்ட நீதிபதியை வேலையிலிருந்து நீக்கியது தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நீதிபதி போன பிறகு நாற்காலி காலியாக இருக்கிறதே, அதில் யார் உட்காருவது? மனம் உட்கார்ந்திருக்க வேண்டும். அது பழக்கமில்லாத வேலை. அதுவரையில் கை பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்த மனம் அது. அந்த இடத்தில் வண்டியே ஏறி உட்கார்ந்துகொண்டது. பிற்காலத்து வண்டிகள் கோல்ட்மன் செய்ததைவிடப் பெரியவை. பெரிய தலைவாழை இலையில் ஒரு பிடி சோறு வைத்தால் பசித்தவனுக்குக் குறையாகத் தெரியும். பசிக்காதவனுக்கும் குறையாகத்தான் தெரியும். பாதி வெறுமையாக இருக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், எதையோ மறந்துவிட்டோம் என்ற எண்ணம் வருகிறது. வீட்டில் கார் இருந்தது, ஏற்றிக்கொண்டு போயிற்று. குளிர்ப்பெட்டி இருந்தது, வைத்துக்கொண்டது. வாங்குகிற நாள்தோறும் ஒருமுறையாவது கனத்த பொருளின் கனம், அதைத் தின்று தீர்க்கிற வரைக்கும் எங்கும் கனக்கவில்லை.

கனம் இல்லாமலா போயிற்று? அப்படித்தான் எண்ணுகிறோம். கடைக்கு வெளியே, கார்கள் நிற்கும் மைதானத்துக்கு வந்து பாருங்கள். சாமானைக் காரில் ஏற்றிய பிறகு வெறும் வண்டி ஒன்று மிஞ்சுகிறது. அதைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். விட்டவரைப் பாராட்ட அங்கே ஆள் இல்லை. விடாதவரைத் தண்டிக்கவும் ஆள் இல்லை. சிலர் கொண்டுபோய் விடுகிறார்கள். சிலர் நின்ற இடத்திலேயே விட்டுப் போகிறார்கள். காற்றடித்தால் அது உருண்டு இன்னொருவர் காரில் மோதும். இல்லையென்றால் ஒரு கடைப் பையன் வெயிலிலும் மழையிலும் தேடித் திரட்டி, நீண்ட இரும்புப் பாம்புபோலக் கோத்துத் தள்ளிக்கொண்டு போவான். “அது அவன் வேலை” என்று சொல்லலாம். வேலைதான். ஆனால் நாம் இருபது அடி நடக்காததற்கும் சேர்த்து அவன் நடக்கிறான். காரில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிற தாய்க்கும், கால் வலிக்காரருக்கும் அவன் நடக்கட்டும்; அது தர்மம். நமக்கும் எதற்காக நடக்க வேண்டும்?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதற்கு ஒரு பூட்டு வைத்தார்கள். ஒரு நாணயத்தைப் போட்டால்தான் வண்டி கிடைக்கும். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் கையில் விழும். வண்டிகள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றன. நன்மைதான். மனச்சாட்சிக்குத் தெரியாத வழி ஒரு நாணயத்துக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இப்போது வண்டி இன்னும் சிறியதாகிவிட்டது. கைப்பேசியில் பொருள் வாங்குகிறவர்கள் திரையின் மூலையில் அதைப் பார்க்கலாம். கடுகளவு படமாக, இரண்டு சக்கரத்தோடு நிற்கிறது. தள்ள வேண்டாம். திரும்ப விட வேண்டாம். கம்பிக் கூடைக்கு அடியும் பக்கமும் இருந்தன. ஓர் அளவுக்குமேல் போட்டால் வழிந்தது. இதில் அரிசி மூட்டையும் ஒன்றுதான், ஊசிப் பொட்டலமும் ஒன்றுதான். கூடை நாளில் கை சொன்னது. வண்டி நாளில் கம்பியாவது சொன்னது. இனி அந்தச் சொல்லைச் சொல்ல மனத்தைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

ஆனால் அரிசி மூட்டை அரிசி மூட்டையாகத்தான் இருக்கிறது. அதன் எடையில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. நம் கையிலிருந்து இறங்கியது இன்னொருவர் முதுகில் ஏறியிருக்கிறது. கொண்டுவந்து கொடுக்கிற அந்தப் பிள்ளை, வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து மூன்று மாடி ஏறி வருகிறான். அவன் தோளில் இருப்பது நம்முடைய பழைய தோள்வலி.

வசதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அதை அனுபவிக்கிறவன்தான். கூடையைத் தூக்கிய காலத்துக்கு ஒருவரும் திரும்பப் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், ‘இதை நானே சுமந்து வரவேண்டியிருந்தால் இத்தனையும் வாங்குவேனா?’ என்று கேட்டுக்கொள்ளலாம். வாங்குவேன் என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம். பிறகு கதவு தட்டுகிற சத்தத்துக்குக் காத்திராமல், மாடிப்படியில் பாதி தூரம் இறங்கிப்போய் அந்தப் பிள்ளையிடமிருந்து மூட்டையை வாங்கிக்கொள்ளலாம்.