இடைகழியில் பெருகிய இன்பம்

ஸுகமாக வாழ வேண்டும் என்று விரும்பாத ஜீவன் உலகில் இல்லை. திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருமுன்பே கைகூப்பி நிற்கும் அன்பர்களின் நெஞ்சில் வேண்டுதல்கள் பல. மகளுக்கு வரன், மகனுக்கு உத்தியோகம், நோய் நீங்கிய தேகம், குடியிருக்கச் சொந்தமாக ஒரு வீடு என்று அவை பலவாறு விரிந்தாலும், அவற்றின் உள்ளே இருக்கும் நாட்டம் ஒன்றே. இது கிடைத்தால் ஸுகம் உண்டாகும் என்ற நம்பிக்கையே அது. கிடைத்த பின்னும் பலர் முகத்தில் அந்த ஸுகம் காணப்படாதது ஏன்? கிடைக்காத சிலர் முகத்தில் அது காணப்படுவது எங்ஙனம்? மயிலையில் அவதரித்த பேயாழ்வாரின் திருநக்ஷத்திரம் கொண்டாடும் இவ்வேளையில் இவ்வினாவைச் சிறிது சிந்திப்பது தகும்.

அளந்து பார்த்தவர்கள்

இன்பத்தை அளந்து பார்க்கும் முயற்சி புதிதன்று. தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்தவல்லி அதை ஒரு கணக்காகவே எடுத்துரைக்கிறது. நல்லொழுக்கமும் கல்வியும் உடல்வலிமையும் ஒருங்கே வாய்ந்த இளைஞன் ஒருவன். செல்வம் நிறைந்த பூமண்டலம் முழுவதும் அவனுக்கே சொந்தம். அவன் அடையும் இன்பத்தை ஓர் அளவாக வைத்துக்கொண்டு, அதை நூறு மடங்கு, அதன்மேல் நூறு மடங்கு என்று பெருக்கி, கந்தர்வர், பித்ருக்கள், தேவர்கள், இந்திரன், பிருஹஸ்பதி, பிரஜாபதி என ஏறி, பிரம்மானந்தத்தில் அக்கணக்கு முடிகிறது. இதில் வியப்பு யாதெனில், முதற்படியைக் கடந்த ஒவ்வொரு படியிலும், வேதம் ஓதியவனாய் ஆசையால் அடிபடாதிருப்பவனுக்கும் அதே அளவு இன்பம் உண்டு என்று உபநிஷத் திரும்பத் திரும்பச் சொல்வதாகும். இந்திரன் ஸ்வர்க்கத்தை ஆண்டு பெறுவதை, ஒன்றும் ஆளாதவன் தன் குடிசைத் திண்ணையில் பெறுகிறான்.

மேனாட்டு மனோதத்துவ அறிஞர்களும் இக்கணக்கை வேறு முறையில் போட்டுப் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று 80 ஆண்டுகளைக் கடந்து நடந்து வருகிறது. கல்லூரி மாணவர்களும் பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பச் சிறுவர்களுமாக 724 பேரை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்து, அவர்களுடைய உடல்நிலை, தொழில், குடும்பம் யாவற்றையும் குறித்து வந்தனர். முதுமையில் மனிதனுடைய மகிழ்ச்சியையும் ஆரோக்கியத்தையும் காத்தவை செல்வமும் புகழும் அல்ல. மனைவி மக்கள், நண்பர், அயலார் ஆகியோரிடம் அவன் கொண்டிருந்த நல்லுறவே என்பது அவர்கள் கண்ட முடிவு.

2003ஆம் ஆண்டில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். வாரம் ஒரு முறையாகப் பத்து வாரங்கள், ஒரு சாராரைத் தாம் நன்றி பாராட்ட வேண்டிய ஐந்து விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். மற்றொரு சாராரைத் தம்மை வருத்திய தொல்லைகளை எழுதச் சொன்னார்கள். நன்றியை எழுதியவர்கள் தம் வாழ்வைக் குறித்து அதிக மனநிறைவு கொண்டனர். உடலுபாதைகளையும் அவர்கள் குறைவாகவே கூறினர்.

2008ல் கனடா தேசத்து வான்கூவரில் எலிசபெத் டன் என்பவரும் அவருடைய குழுவினரும் காலையில் சிலர் கையில் 5 டாலரும் சிலர் கையில் 20 டாலருமாக ஓர் உறையில் இட்டுக் கொடுத்தனர். மாலைக்குள் அதைத் தமக்கென்றே செலவிடும்படி ஒரு பகுதியினருக்கும், பிறர்பொருட்டுச் செலவிடும்படி மற்றப் பகுதியினருக்கும் சொல்லப்பட்டது. பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியுடன் இருந்தனர். தொகை பெரிதா சிறிதா என்பதால் வேற்றுமை இல்லை. ஆனால் எது மகிழ்ச்சி தரும் என்று வேறு சிலரைக் கேட்டபோது, தனக்கே செலவிடுவதும் தொகை பெரிதாயிருப்பதுமே என்று அவர்கள் பிழையாக ஊகித்தனராம்! ஸுகம் இருக்கும் திசை ஒன்று, மனிதன் தேடும் திசை மற்றொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் தேசத்திலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்ததுண்டு. கொல்கத்தாவின் குடிசைவாசிகளையும் நடைபாதையில் வசிப்போரையும் கண்டு பேசி, ராபர்ட் பிஸ்வாஸ்-டீனர், எட் டீனர் ஆகியோர் 2001ல் எழுதினர். வறுமை அவர்களை வருத்தியது மெய்யே. அதை மறைத்துப் பேசுதல் பாவம். ஆயினும் எதிர்பார்த்த அளவு அவர்கள் துயரத்தில் மூழ்கிவிடவில்லை. சுற்றமும் நட்பும் அவர்களைத் தாங்கி நின்றன.

ஓர் ஐயம்

ஈண்டு ஓர் ஐயம் எழுகிறது. பிறருக்கு உதவினால் ஸுகம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த ஸுகத்துக்காகவே ஒருவன் உதவினால், அதற்குத் தயை என்று பெயர் தகுமா? பத்து ரூபாய் கொடுத்துக் கத்தரிக்காய் வாங்குவது போலப் பத்து ரூபாய் கொடுத்து மகிழ்ச்சி வாங்கினால், அது தானமா, கொள்முதலா?

பசித்தவன் வயிறு எப்படியும் நிரம்புகிறதே, கொடுப்பவன் எண்ணம் எதுவாயிருந்தால் என்ன என்று சிலர் கேட்பர். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. உண்பவனுக்கு அன்றைய சோறு சோறுதான். ஆனால் அடுத்த நாளை நினைக்க வேண்டும். உண்டவன் நன்றி கூறாமல் எழுந்து போகிறான். அல்லது குழம்பில் உப்பில்லை என்கிறான். ஸுகத்தை வாங்க வந்தவன் சரக்கு கிடைக்கவில்லை என்று கடையை மூடிவிடுவான். உண்பவன் பசியை நினைத்தவனோ மறுநாளும் உலை வைப்பான். கொடுப்பவன் எண்ணம் எத்தகையது என்பது நன்றி கிடைக்காத நாளில்தான் வெளிப்படும்.

இதையும் ஆராய்ந்தோர் உளர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 3,000க்கும் மேற்பட்ட முதியோரைக் குறித்து ஸாரா கான்ரத் குழுவினர் 2012ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. பிறர் நலம் கருதித் தொண்டு செய்தவர்களிடையே அடுத்த நான்காண்டுகளில் மரணம் குறைவாக இருந்தது. தம் நலம் கருதித் தொண்டு செய்தவர்களோ, தொண்டே செய்யாதவர்களோடு ஏறக்குறைய ஒத்திருந்தனர். ஐரிஸ் மாஸ் என்பவர் குழுவினர் 2011ல் மற்றொன்று கண்டனர். மகிழ்ச்சியாக இருந்தே தீர வேண்டும் என்று மிகவும் பற்றுக் கொள்பவர், மகிழத்தக்க வேளையிலும் குறைவாகவே மகிழ்கின்றனர். ஆசையால் அடிபடாதவன் என்று உபநிஷத் சேர்த்த சொல்லின் கருத்தை இவ்விரண்டும் ஒருவாறு விளக்குகின்றன அன்றோ?

மழையிரவில் மூவர்

மயிலையில் செவ்வல்லி மலரில் அவதரித்தவராகக் குருபரம்பரை கூறும் பேயாழ்வாரின் சரித்திரத்தில் இதற்கு விடை உள்ளது. தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூர். இருள் சூழ்ந்த மழையிரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று சொல்லி முன்னவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். சிறிது நேரத்தில் நான்காவதாக ஒருவர் புகுந்து தம்மை நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். வந்தவர் யார் என்று காண, முதலிருவரும் தத்தம் திருவந்தாதியால் ஞான விளக்கேற்ற, மூன்றாமவரான மயிலைப் பிரான் எம்பெருமானைக் கண்ணாரக் கண்டார் என்பது வரலாறு.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று. ஒவ்வொருவர் வந்தபோதும் உடலின் வசதி குறைந்துகொண்டே சென்றது. படுத்திருந்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார், நின்றவர் நெருக்குண்டார். வசதி முற்றும் தீர்ந்த இடத்தில் ஆனந்தம் தொடங்கிற்று. இடம் கொடுத்தால் பெருமான் வருவான் என்று கணக்கிட்டு எவரும் எழவில்லை. நனைந்து நின்றவர் ஒருவர். அவருக்கு ஒதுங்க இடம் வேண்டும். எழுந்ததற்குக் காரணம் அவ்வளவே. இன்பம் அவர்கள் அழைத்து வந்ததன்று. அழையாமல் உள்ளே புகுந்தது. முதல்வர் கதவைத் தாழிட்டு வசதியாகப் படுத்திருந்தால் நன்கு உறங்கியிருக்கலாம். மூன்று திருவந்தாதிகள் உலகுக்குக் கிடைத்திரா.

சென்னை நகரமும் அத்தகையதோர் இரவைக் கண்டதுண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வெள்ளம் வீடு புகுந்தது. மீனவர்கள் கடலில் செல்லும் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களை ஏற்றிச் சென்றனர். கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் திறந்து விடப்பட்டன. மேல்தளத்தில் இருந்தவர் கீழ்வீட்டாருக்கு இடம் கொடுத்தனர். வீடுதோறும் சோறு வடித்துப் பொட்டலம் கட்டினர். பல்லாண்டு எதிரெதிரே வசித்தும் பெயர் அறியாதிருந்தவர்கள் அன்றுதான் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறிந்தனர். பொருளை இழந்த அந்நாட்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் பலர் கண்ணில் ஓர் ஒளி தோன்றுகிறது. வெள்ளம் வடிந்ததும் கதவுகள் மீண்டும் மூடிக்கொண்டன என்பதும் உண்மையே. மழை வந்தால்தான் இடைகழி திறக்க வேண்டுமா என்பதே இந்நகரத்தார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

செய்ந்நன்றியின் இலக்கணம்

கொடுப்பவன் கணக்கை மறக்க வேண்டும் என்றால், பெற்றவனும் மறந்துவிடலாமா? ஆகாது. உலகில் குணசாலி யார் என்று வால்மீகி நாரதரைக் கேட்டபோது அடுக்கிய குணங்களில் கிருதஜ்ஞதையும் ஒன்று. நூறு அபகாரங்களை நினையாமல், எப்படியோ செய்யப்பட்ட ஓர் உபகாரத்தாலேயே உவப்பவன் ஸ்ரீராமன் என்று அயோத்யா காண்டம் அவனைப் போற்றுகிறது.

அந்த ராமன், வானரர்கள் விடைபெறும் வேளையில் அனுமனிடம் கூறியது மிக நுட்பமானது. நீ செய்த உபகாரம் எனக்குள்ளேயே ஜீரணித்துப் போகட்டும். கைம்மாறு செய்ய விரும்புகிறவன், உதவியவனுக்கு ஆபத்து வருவதை அல்லவா எதிர்பார்க்கிறான் என்பது அதன் கருத்து. கடனைத் தீர்த்துவிட்டுக் கணக்கை முடிக்கத் துடிப்பதும் ஒருவகை அஹங்காரமே. யாருக்கும் நான் கடன்பட்டவனல்லேன் என்று நிமிர்ந்து நிற்க அது விரும்புகிறது. நன்றி என்பது தீராத கடனை மகிழ்ச்சியோடு சுமப்பது. உதவியவரிடம் திருப்ப இயலாததை, இனி வரும் மற்றொருவர்க்கு இடமாகத் தருவது.

திருவல்லிக்கேணியில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீபார்த்தஸாரதியின் உத்ஸவத் திருமேனியில், திருமுகத்தில் வடுக்கள் காணப்படுகின்றன. அர்ஜுனனுக்காகத் தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகளை ஏற்ற தழும்புகள் என்பர் பெரியோர். அவ்வடுக்களைக் காட்டி அவன் யாரிடமும் கைம்மாறு கேட்டதில்லை. திருவிழாக்களில் விளக்கின்மேல் உபயதாரரின் பெயரைப் பெரிதாக எழுதி, அவ்வெழுத்தே ஒளியை மறைப்பதைக் காணும்போது இத்தழும்புகள் நினைவுக்கு வர வேண்டும். பெயர் எழுதுதல் பிழையென்பதன்று. பெற்றவர் நன்றி பாராட்ட அது உதவும். எழுத்து விளக்கைவிடப் பெரிதாகாதிருந்தால் போதும்.

படியின் பாடம்

அங்ஙனமாயின், தொண்டு செய்பவன் இன்பமே அடையக்கூடாதா, மரமாய் நிற்க வேண்டுமா என்று கேட்கலாம். இதற்குக் குலசேகராழ்வார் வழி காட்டியிருக்கிறார். திருவேங்கடமுடையான் ஸந்நிதி வாசலில் ஒரு படியாகக் கிடக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். அடியார்களும் தேவர்களும் மிதித்து ஏறும் படி அது. ஆயினும் அவ்வேண்டுதல் அதனோடு நிற்கவில்லை. அப்படியாய்க் கிடந்தபடியே பெருமானின் பவளவாயைக் காண வேண்டும் என்றும் கேட்டார். கல்லுக்குக் கண் ஏது என்று வினவினால், பெரியோர் அழகாக விளக்குவர். தனக்கென ஒன்று கோராமல் உபயோகப்படுவதில் கல்லைப் போல இருக்க வேண்டும்; எம்பெருமான் உகப்பைக் கண்டு தானும் உகப்பதில் சேதனனாக இருக்க வேண்டும். கீதையின் முடிவில் சொல்லப்படும் ஸாத்விக த்யாகத்தின் பயனும் இதுவே. நான் செய்கிறேன், என்னுடையது, எனக்காக என்னும் மூன்றும் கழிந்தால் ஆனந்தம் குறைவதில்லை. அதை மறைத்து நின்ற சுவர் விழுகிறது.

தியாகராய நகரில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தார் ஆலயத்திலும், மயிலை ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியிலும், வைணவத் தலங்கள் பலவற்றிலும் அன்பர்கள் கர்ப்பக்ருஹ வாசற்படியைக் கண்டிருப்பர். குலசேகரன் படி என்றே அதற்குப் பெயர். அதன் எதிரே நின்று ஒரு கணம் நினைக்கத்தக்கது இது.

மயிலையிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும், பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் பலர். மாதந்தோறும் பணம் வருகிறது. பேச ஆள் வருவதில்லை. திருவிழாவில் ப்ரஸாதம் பெற்றுச் செல்லும் அன்பர்கள் அதில் ஒரு பங்கை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அரை நாழிகை அங்கே உட்கார்ந்து வரலாம். அவர் சொன்ன கதையையே மீண்டும் சொல்லக்கூடும். நன்றி கூற மறக்கவும் கூடும். அந்நாளில்தான் அது கைங்கர்யம் ஆகிறது. இன்று ஸந்நிதி வரிசையில் பின்னால் தடியூன்றி நிற்கும் கிழவிக்கு ஓரடி ஒதுங்கி இடம் தருவதும் அவ்வகையே. படுத்திருப்பவர் உட்காரட்டும், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்கட்டும். நெருக்கத்தை விரும்பி வருகிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் வரும் நேரத்தை அவனே அறிவான்.

ஸ்ரீ ஆதிகேசவன் திருவருளும் பேயாழ்வார் திருவடிகளின் அனுக்ரஹமும் அனைவருக்கும் பெருகுவதாக. சுபம்.