இருமல் மருந்து விற்கும் நாம்

 

ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் சேர்த்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தேடிப்போய் நலம் விசாரித்தார்கள். நோயாளியைத் தேடிப்போவது சுன்னத்தாகும்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குத் தாதி வருமுன்பே, யார் இருமுகிறார் என்பது கடைக்காரராகிய நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு தொழிலாளிக்கு மாதக்கணக்கில் இருமல் மருந்தைப் பற்றெழுதி விற்றோம். அது காசநோய் என்று தெரிவதற்குள் உடன் படுத்தவருக்கும் தொற்றிவிட்டது. கணக்கிலே லாபம், மறுமையிலே?

இனி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோரைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அனுப்புவோம். ஆறு மாத மருந்தை நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமற் போகும். ஆகவே கடைக்கு வரும்போதெல்லாம் விசாரிப்போம். இதுவும் அமானிதமே. வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.